பாதி நிஜம், பாதி கணினி: கலப்புச் சோதனை ரிக்குக்குக் கட்டுப்பாட்டு அமைப்பை வடிவமைப்பது எப்படி?

ஒரு காரின் சஸ்பென்ஷன் ஸ்ட்ரட்டைச் சோதிக்க வேண்டும். ஸ்பிரிங்கும், ஆட்டத்தை அடக்கும் டேம்பரும் சேர்ந்த அந்த ஸ்ட்ரட் கையில் இருக்கிறது, கார்தான் இன்னும் தயாராகவில்லை. இந்த நிலையில் ஸ்ட்ரட்டை மட்டும் ரிக்கில், அதாவது சோதனைச் சட்டத்தில் பூட்டிவிட்டு, காரின் மற்ற பாகங்களைக் கணினிக்குள் மாடலாக வைத்து ஓட்டலாம். ஸ்ட்ரட் எத்தனை மில்லிமீட்டர் அமுங்க வேண்டும் என்று மாடல் சொல்லும். ஹைட்ராலிக் சிலிண்டர் அமுக்கும். எழும் விசையை லோடு செல் அளந்து மாடலுக்கு அனுப்பும். அந்த விசையைக் கொண்டு மாடல் அடுத்த நகர்வைக் கணக்கிடும். விநாடிக்கு 1000 முறை இந்தச் சுற்று நடந்தால், தான் ஒரு ரிக்கில் இருப்பது ஸ்ட்ரட்டுக்குத் தெரியாது.

சொல்வதற்கு எளிது. முதல் தடவை இணைப்பைத் திறந்தவுடன் ரிக் அலறத் தொடங்குவதுதான் வழக்கம். மாடலும் ஸ்ட்ரட்டும் சரியாகவே இருக்கும். கோளாறு இரண்டுக்கும் நடுவில் இருக்கும். அந்த நடுப்பகுதியை வடிவமைப்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. வாகனத் துறையில் இதை ஹார்டுவேர் இன் த லூப் என்பார்கள், கட்டடப் பொறியியலில் ஹைப்ரிட் சிமுலேஷன் என்பார்கள். சிக்கல் இரண்டிலும் ஒன்றே.

எல்லாப் படிகளுக்கும் ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். கணினிக்குள் காரின் கால் பங்கு: உடல் 300 கிலோ, சக்கரம் 40 கிலோ, டயரின் விறைப்பு மில்லிமீட்டருக்கு 200 நியூட்டன். ரிக்கில் நிஜ ஸ்ட்ரட்: ஸ்பிரிங் மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன், டேம்பர் மீட்டர்/விநாடிக்கு 1500 நியூட்டன். கணக்குப் போட்டால் உடல் சுமார் 1.2 ஹெர்ட்ஸிலும், சக்கரம் சுமார் 11.8 ஹெர்ட்ஸிலும் ஆடும்.

முதலில் தாமதத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

இதைப் படி என்று சொல்ல முடியாது. ஆனால் இது புரியாமல் மேலே போனால் மற்றதெல்லாம் வீண்.

சிலிண்டர் கட்டளையைக் கேட்டு நகர்வதற்குள் சில மில்லி விநாடிகள் கழிந்துவிடும். 5 மில்லி விநாடி என்று வைத்துக்கொள்வோம். நல்ல ரிக்குக்கு இது நியாயமான எண். மாடல் 'இப்போது இங்கே' என்று நினைக்கும் இடத்துக்கு ஸ்ட்ரட் 5 மில்லி விநாடி கழித்துத்தான் வந்து சேருகிறது. தாமதமாக வந்த நகர்வு என்பது, உரிய நகர்வில் இருந்து 'வேகம் பெருக்கல் தாமதம்' என்ற அளவைக் கழித்தது. ஆகவே ஸ்பிரிங் திருப்பித் தரும் விசையில் இரண்டு பகுதிகள் இருக்கும். ஒன்று சரியான ஸ்பிரிங் விசை. மற்றது வேகத்தைப் பொறுத்தது, குறி தலைகீழானது. வேகத்தைப் பொறுத்த விசை என்றால் தணிப்பு. குறி தலைகீழ் என்றால், ஆற்றலை உறிஞ்சுவதற்குப் பதில் ஊட்டும் தணிப்பு. அதன் அளவு விறைப்பு பெருக்கல் தாமதம்: மீட்டருக்கு 20,000 நியூட்டன் பெருக்கல் 0.005 விநாடி, அதாவது 100. ரிக்கில் 1500 அளவுள்ள டேம்பரோடு −100 அளவுள்ள இன்னொரு டேம்பரையும் யாரோ சொல்லாமல் பூட்டிவிட்டுப் போனது போல.

டேம்பரும் சும்மா இருக்காது. தாமதமான வேகம் என்பது, உரிய வேகத்தில் இருந்து 'முடுக்கம் பெருக்கல் தாமதம்' கழித்தது. முடுக்கத்தைப் பொறுத்த விசை என்றால் நிறை. 1500 பெருக்கல் 0.005 என்றால் 7.5 கிலோ எதிர்மறை நிறை. மாடலில் 40 கிலோவாக இருந்த சக்கரம் நடைமுறையில் 32.5 கிலோவாக நடந்துகொள்ளும், 11.8 ஹெர்ட்ஸ் சுமார் 13 ஹெர்ட்ஸாக ஏறிவிடும். ரிக் அலறாது, நடுங்காது. அழகாக ஓடி, தவறான விடையைத் தரும். என்னைக் கேட்டால் அலறும் ரிக்கைவிட இதுதான் ஆபத்து.

தாமதம் 20 மில்லி விநாடி ஆனால் இந்தத் தோராயக் கணக்கே செல்லாது. 11.8 ஹெர்ட்ஸில் அது கிட்டத்தட்ட 85 டிகிரி கட்டப் பின்னடைவு (phase lag), அதாவது ஏறக்குறைய கால் சுற்று. அந்த இடத்தில் டேம்பர் ஸ்பிரிங்காக மாறிவிடும், ஸ்பிரிங் எதிர்மறை டேம்பராக மாறிவிடும். நீங்கள் சோதிப்பது வேறு ஏதோ ஒரு பாகம்.

நம் ஸ்ட்ரட்டில் நிஜமான தணிப்பு நிறைய இருப்பதால் −100 அதைக் கவிழ்த்துவிடாது. தணிப்பு குறைந்த பொருள்களில்தான் சங்கடம். விறைப்பு முழுவதும் நிஜப் பக்கம் இருந்தால், தாங்கக்கூடிய தாமதம் என்பது தணிப்பு விகிதத்தின் இரு மடங்கை கோண அதிர்வெண்ணால் வகுத்தது. 5 ஹெர்ட்ஸ், 2 சதவீதத் தணிப்பு உள்ள எஃகுச் சட்டத்துக்கு அது வெறும் 1.3 மில்லி விநாடி. ஹோரியுச்சியும் அவருடைய ஜப்பானியக் குழுவினரும் 1999-இல் இந்த எதிர்மறைத் தணிப்புக் கணக்கைத் தெளிவாக எழுதிக் காட்டினார்கள். இன்றும் இந்தத் துறைக்குள் நுழைகிறவர்கள் முதலில் படிக்க வேண்டியது அதுவே.

படி 1: எங்கே வெட்டுவது

நிஜத்தையும் மாடலையும் பிரிக்கும் வெட்டு எங்கே விழ வேண்டும்? மாடலில் பிடிபடாததை நிஜமாக வையுங்கள். நன்றாகத் தெரிந்ததைக் கணினிக்கு விடுங்கள். டேம்பரின் உராய்வு, எண்ணெய் சூடாகும்போது வரும் மாற்றம், வால்வு திறக்கும் விதம் இவையெல்லாம் சமன்பாட்டில் எளிதில் அடங்காது. 300 கிலோ உடல் ஒரே வரியில் அடங்கிவிடும்.

வெட்டு விழும் இடத்தில் கூடியவரை ஒரே ஒரு அச்சில் மட்டும் நகர்வு இருக்கட்டும். இரண்டாவது அச்சு வந்தால் இன்னொரு சிலிண்டர் வேண்டும், இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும், வேலை இரட்டிப்பதோடு நிற்காது. ஆனால் விட்டுவிடும் அச்சுக்கும் ஒரு விலை உண்டு. மெக்பர்சன் வகை ஸ்ட்ரட் காரில் பக்கவாட்டு விசையைத் தாங்குகிறது. அந்த விசை உள்ளே உராய்வைக் கூட்டும். ரிக்கில் நேராக மட்டும் அமுக்கினால் உராய்வு குறைவாகத் தெரியும். அறிக்கையில் இதை எழுத மறக்காதீர்கள்.

அடுத்து, எதைக் கட்டளையாக அனுப்புவது, எதை அளப்பது? ஸ்ட்ரட் போல நெகிழ்வான பொருளுக்கு நகர்வைக் கட்டளையிட்டு விசையை அளப்பது வசதி. விறைப்பான பொருளுக்கு அது பொருந்தாது. மில்லிமீட்டருக்கு 10,000 நியூட்டன் விறைப்புள்ள புஷ் (bush, இணைப்பில் செருகும் உருளை) ஒன்றில், நகர்வில் 0.05 மில்லிமீட்டர் பிழை வந்தால் விசையில் 500 நியூட்டன் பிழை. அங்கே விசையைக் கட்டளையிட்டு நகர்வை அளக்க வேண்டும், அல்லது நடுவில் தெரிந்த விறைப்புள்ள ஸ்பிரிங் ஒன்றைச் செருக வேண்டும்.

நிறைக்கும் ஒரு விதி உண்டு, இதில் பேரம் கிடையாது. நகர்வைக் கட்டளையிடும் அமைப்பில், வெட்டு விழும் இடத்தில் நிஜப் பக்க நிறை மாடல் பக்க நிறையைவிட அதிகமாக இருந்தால், தாமதம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அமைப்பு நிலைகுலையும். நம் ஸ்ட்ரட்டின் நகரும் பகுதி சில கிலோ, மாடலின் சக்கரம் 40 கிலோ. பிழைத்தோம். தலைகீழாக இருந்தால் கண்ட்ரோலரைத் திருகிக்கொண்டிருக்காமல், கட்டளையையும் அளவையும் இடம் மாற்றுங்கள்.

படி 2: சிலிண்டருக்குத் தெம்பு இருக்கிறதா

பலர் ரிக்கில் ஏற்கெனவே இருக்கும் சிலிண்டரை எடுத்து மாட்டிவிட்டு அப்புறம் கணக்குப் போடுவார்கள். முன்பே போடுங்கள், பத்து நிமிட வேலை. 12 ஹெர்ட்ஸில் 20 மில்லிமீட்டர் வீச்சு என்றால் உச்ச வேகம் 1.5 மீட்டர்/விநாடி. உடலின் எடை தரும் நிலையான சுமை சுமார் 2.9 கிலோ நியூட்டன். ஸ்பிரிங் 60 மில்லிமீட்டர் ஆடினால் 1.2, டேம்பர் உச்ச வேகத்தில் 2.25. எல்லா உச்சமும் ஒரே நொடியில் வராது என்றாலும் கூட்டியே வைப்போம்: சுமார் 6.4 கிலோ நியூட்டன்.

210 பார் அழுத்தத்தில் 5 சதுர சென்டிமீட்டர் பிஸ்டன் நின்ற நிலையில் 10.5 கிலோ நியூட்டன் தரும். அதில் மூன்றில் இரண்டு பங்கான 7 கிலோ நியூட்டனுக்குள் வேலை முடிந்தால், வால்வுக்கு குறைந்தது 70 பார் மீதி இருக்கும். சர்வோ வால்வுகளின் கேட்டலாக் ஓட்டம் பொதுவாக 70 பார் வீழ்ச்சியில்தான் தரப்படுகிறது, ஆகவே நேரடியாக ஒப்பிடலாம். தேவையான ஓட்டம் நிமிடத்துக்கு 45 லிட்டர். 60 லிட்டர் வால்வு போதும்.

பாதுகாப்புக்காக இருக்கட்டும் என்று பிஸ்டனை இரட்டிப்பாக்காதீர்கள். எண்ணெயும் இரட்டிப்பாகும், பெரிய வால்வு வரும், பெரிய வால்வு மெதுவாக நகரும், தாமதம் கூடும்.

படி 3: மாடலை நேரத்துக்குள் அடக்குவது

நிலையான கால அடி (ஒரு கணக்கீட்டுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி) கொண்ட, முன்னோக்கி மட்டும் நகரும் கணக்கீட்டு முறைதான் இங்கே வேலைக்கு ஆகும். விடை சரியாகும் வரை திரும்பத் திரும்பக் கணக்கிடும் முறைகள் காகிதத்தில் துல்லியமானவை. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் நிஜப் பொருளை முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். உராய்வு உள்ள பொருள் வந்த வழியை நினைவில் வைத்திருக்கும். அசைத்துப் பார்த்ததையும் சேர்த்துத்தான்.

இந்த வகையில் பரவலான மைய வேறுபாட்டு முறையில் கால அடிக்கு உள்ள எல்லை, 2-ஐ மாடலின் மிக உயர்ந்த கோண அதிர்வெண்ணால் வகுத்தது. நம் சக்கரத்துக்கு அது 27 மில்லி விநாடி, 1 மில்லி விநாடி அடி தாராளம். மாடலில் யாராவது அந்த விறைப்பான புஷ்ஷை 5 கிலோ நிறையோடு சேர்த்துவிட்டால் எல்லை 1.4 மில்லி விநாடிக்கு இறங்கிவிடும். தேவையில்லாத விறைப்பை மாடலில் இருந்து நீக்குங்கள்.

கணக்கிட ஆகும் நேரத்தில் சராசரியைப் பார்க்காதீர்கள், அதிகபட்சத்தைப் பாருங்கள். சராசரி 0.3 மில்லி விநாடியாக இருந்து, லட்சத்தில் ஒரு தடவை 1.2 ஆனாலும் அந்த ஒரு தடவை சிலிண்டருக்குப் புதுக் கட்டளை போகாது.

படி 4: உள் சுற்றை இசைவாக்குவது

உள் சுற்று என்பது சிலிண்டரைக் கட்டளையின்படி நகரவைக்கும் கண்ட்ரோலர். பிழையைப் பார்த்துத் திருத்தும் சாதாரண பிஐடி (PID) கண்ட்ரோலரே போதும், அதோடு பிழை வரும் வரை காத்திராமல் கட்டளையை வைத்தே முன்கூட்டித் தள்ளும் முன்னூட்டம் (feedforward) ஒன்று, வேகத்துக்கு. இதை முறுக்கி முறுக்கி வேகமாக்கப் பார்ப்பது பொதுவான தவறு. கலப்புச் சோதனைக்கு மிக வேகமான உள் சுற்று தேவையில்லை. நாளைக்கும் இன்றுபோலவே நடந்துகொள்ளும், தாமதம் மாறாத உள் சுற்றுதான் தேவை. மாறாத 8 மில்லி விநாடியை ஈடுசெய்யலாம். 3-க்கும் 7-க்கும் இடையே அலையும் தாமதத்தை வைத்துக்கொண்டு திண்டாட வேண்டியதுதான்.

ஸ்ட்ரட்டைப் பூட்டிய பிறகே இசைவாக்குங்கள். ஹைட்ராலிக் சிலிண்டரும் அது தள்ளும் பொருளும் ஒன்றையொன்று பாதிக்கும். வெறும் சிலிண்டரில் எடுத்த எண்கள் பொருள் வந்ததும் மாறிவிடும். பிறகு 0.5 முதல் 40 ஹெர்ட்ஸ் வரை சிறிய வீச்சில் இரைச்சல் சமிக்ஞை கொடுத்து, கட்டளைக்கும் அளந்த நகர்வுக்கும் இடையே உள்ள வீச்சையும் கட்டத்தையும் பதிவுசெய்யுங்கள். இரண்டு மூன்று வீச்சுகளில் எடுங்கள், வால்வு நேர்கோட்டில் நடக்காது. இந்தப் பதிவுதான் இனி உங்கள் கையிருப்பு.

படி 5: விசைச் சமிக்ஞை

இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நானும் எடுத்துக்கொள்ளவில்லை, பட்டுத்தான் கற்றேன். ஒரு தடவை எல்லாம் சரியாக இருந்தும் ரிக் மெதுவாக ஆட்டத்தைக் கூட்டிக்கொண்டே போனது. அரை நாள் மாடலிலேயே தேடினேன். கடைசியில் லோடு செல் ஆம்ப்ளிஃபயரின் மெனுவைத் திறந்தால், முந்தைய வேலைக்காக யாரோ வைத்த 30 ஹெர்ட்ஸ் ஃபில்டர் அப்படியே இருந்தது. பட்டர்வொர்த் என்ற வகையின் இரண்டாம் வரிசை (second order) ஃபில்டரை 30 ஹெர்ட்ஸில் வைத்தால் 7.5 மில்லி விநாடி தாமதம் தரும். சிலிண்டரில் ஒவ்வொரு மில்லி விநாடியாகச் சுரண்டியெடுத்ததை ஃபில்டர் மொத்தமாக விழுங்கியிருந்தது. 100 ஹெர்ட்ஸில் வைத்தால் 2.25 மில்லி விநாடி. இரைச்சல் தொல்லை தந்தால் ஃபில்டரை இறக்குவதற்கு முன் வயரிங்கையும் எர்த்தையும் பாருங்கள்.

லோடு செல்லுக்கும் ஸ்ட்ரட்டுக்கும் நடுவில் உள்ள பிடிப்பானின் நிறையும் விசையாகப் பதிவாகும். அங்கே ஒரு முடுக்கமானியை ஒட்டி, நிறை பெருக்கல் முடுக்கத்தை நீக்கிவிடுங்கள். டேம்பர் வாயு அழுத்தம் உள்ள வகையாக இருந்தால் அந்த நிலையான விசையை எந்த இடத்தில் பூஜ்யமாக்குகிறீர்கள் என்பதையும் முடிவுசெய்து எழுதி வையுங்கள்.

படி 6: தாமதத்தை ஈடுசெய்வது

ஈடுசெய்வது என்றால், தாமதம் எவ்வளவோ அவ்வளவு முன்னதாக நகர்வைக் கணித்து அனுப்புவது. பழைய, எளிய முறை பல்லுறுப்புக் கணிப்பு. தாமத அளவுக்கு ஒன்றாக நான்கு புள்ளிகளை எடுத்து, இப்போதையதை 4 ஆலும், ஒரு தாமதம் முந்தையதை −6 ஆலும், இரண்டு முந்தையதை 4 ஆலும், மூன்று முந்தையதை −1 ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். முடிந்தது.

5 மில்லி விநாடி தாமதத்தில் இந்த முறை 12 ஹெர்ட்ஸில் 2 சதவீதப் பிழையோடு கணிக்கும். 30 ஹெர்ட்ஸில் பிழை சுமார் 70 சதவீதம். அதாவது நமக்கு வேண்டிய இடத்தில் நல்ல பிள்ளை, அதற்கு மேலே குழப்பவாதி. மாடலில் 30 ஹெர்ட்ஸில் ஏதாவது ஒரு அதிர்வு இருந்தால் இது அதைத் தூண்டிவிடும்.

அந்தச் சூழலில் படி 4-இல் பதிவுசெய்த நடத்தையைத் தலைகீழாக்கி முன்னூட்டமாக வைப்பது நல்லது. வேகத்தையும் முடுக்கத்தையும் மாடலே தருவதால் இரைச்சல் குறைவு. தாமதம் ஓட ஓட மாறும் என்றால் அதைத் தானே அளந்து திருத்திக்கொள்ளும் தகவமைப்பு முறைகளும் உண்டு. ஆனால் எளிய முறை ஓடிய பிறகே அங்கே போங்கள். தன்னைத்தானே மாற்றிக்கொள்ளும் அமைப்பு தவறாகப் போனால், எது மாறியது என்று கண்டுபிடிக்கவே ஒரு வாரம் ஆகும்.

மிகையாக ஈடுசெய்வதும் தவறு. கணக்கு அப்போது எதிர்த்திசையில் திரும்பும்: ஸ்பிரிங் தணிப்பைக் கூட்டும், டேம்பர் நிறையைக் கூட்டும். ரிக் மிக அமைதியாக ஓடும், எல்லோரும் மகிழ்வார்கள், எண்கள் பொய்யாக இருக்கும்.

படி 7: எண்ணெய் அழுத்தம் கொடுக்கும் முன்

மாடல், ஈடுசெய்யும் பகுதி, பதிவுசெய்த சிலிண்டர் நடத்தை, ஃபில்டர், ஸ்ட்ரட்டுக்கு ஒரு தோராய மாடல் எல்லாவற்றையும் கணினிக்குள் கோத்து ஓட்டுங்கள். தாமதத்தைப் பாதியாகவும் ஒன்றரை மடங்காகவும் மாற்றிப் பாருங்கள். டேம்பரை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துப் பாருங்கள். இதில் ஏதாவது ஒன்றில் ஆட்டம் பெருகினால் ரிக்கிலும் என்றாவது பெருகும்.

பாதுகாப்பு வரம்புகள் மாடல் ஓடும் கணினியில் இருக்கக் கூடாது. அது தொங்கினால் வரம்பும் சேர்ந்து தொங்கும். நகர்வு, விசை, கட்டளைக்கும் அளவுக்கும் உள்ள வித்தியாசம் மூன்றுக்கும் தனிக் கண்ட்ரோலரில் வரம்பு வையுங்கள். 'ஓடிக்கொண்டிருக்கிறேன்' என்று கணினி விடாமல் அனுப்பும் துடிப்பு வருவது நின்றால் ரிக் தானே நிற்க வேண்டும். 'நிற்பது' என்றால் என்ன என்பதையும் முடிவுசெய்யுங்கள். அமுங்கிய ஸ்ட்ரட்டில் சுமார் 2.9 கிலோ நியூட்டன் உட்கார்ந்திருக்கிறது. எண்ணெயைச் சட்டென்று விடுவித்தால் அது சிலிண்டரைத் தள்ளிக்கொண்டு நீளும். வால்வுகளை அடைத்து அப்படியே பிடித்து வைத்துவிட்டு, பிறகு மெதுவாக இறக்குவது நல்லது.

படி 8: இணைப்பைத் திறப்பது

நேராக இணைக்காதீர்கள். முதலில் மாடலுக்கு ஸ்ட்ரட்டின் தோராய மாடலில் இருந்து விசை போகட்டும். நிஜ ஸ்ட்ரட் கூடவே நகரட்டும், அதன் விசை பதிவாகட்டும், ஆனால் சுற்றுக்குள் நுழைய வேண்டாம். இரண்டு விசைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்து பாருங்கள். குறி தலைகீழாக இருப்பது, அலகு ஆயிரம் மடங்கு தவறாக இருப்பது போன்றவையெல்லாம் இங்கேயே, சேதமில்லாமல் மாட்டிக்கொள்ளும்.

அப்புறம் நிஜ விசையை 10 சதவீதம், தோராய விசையை 90 சதவீதம் என்று கலந்து தொடங்குங்கள். 25, 50, 75 என்று ஏற்றுங்கள். சாலையும் முதலில் 2 மில்லிமீட்டர் சைன் அலையாக இருக்கட்டும். 60 சதவீதத்தில் ஆட்டம் தொடங்கினால் ஏதோ ஒரு தாமதம் கணக்கில் விடுபட்டிருக்கிறது என்று பொருள். கணக்கீட்டின் ஒரு கால அடி, தகவல் பாதையின் ஒரு சுற்று, ஃபில்டர்: இந்த மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

படி 9: விடையை நம்பலாமா

கட்டளையைக் கிடைமட்டத்திலும் அளந்த நகர்வைச் செங்குத்திலும் வைத்து வரையுங்கள். சரியாக இருந்தால் 45 டிகிரி நேர்கோடு. நீள்வட்டமாக விரிந்து, புள்ளி கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றினால் இன்னும் தாமதம் மிச்சம். கடிகாரத் திசையில் சுற்றினால் மிகையாக ஈடுசெய்திருக்கிறீர்கள். கோடு மெலிதாகவே இருந்தும் சாய்வு குறைந்தால் வீச்சு போதவில்லை. இந்தப் படத்தை ரிக் ஓடும்போதே திரையில் வைத்திருங்கள். எனக்கு இதைவிட நல்ல கருவி இன்னும் கிடைக்கவில்லை.

கூடவே பிழையின் ஆற்றலையும் கணக்கிடுங்கள். அளந்த விசையை, கட்டளை நகர்வுக்கும் அளந்த நகர்வுக்கும் உள்ள வித்தியாசத்தின் மாற்றத்தோடு பெருக்கிக் கூட்டிக்கொண்டே போனால், ரிக் தானாகச் சேர்த்த அல்லது உறிஞ்சிய ஆற்றல் ஜூலில் கிடைக்கும். அதே நேரத்தில் டேம்பர் உறிஞ்சிய ஆற்றலோடு ஒப்பிட்டு, இரண்டையும் அறிக்கையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். 3 மில்லிமீட்டர் பிழை என்று எழுதினால் படிப்பவருக்கு எதுவும் புரியாது. டேம்பர் 400 ஜூல் உறிஞ்சியபோது ரிக் 6 ஜூல் ஊட்டியது என்று எழுதினால் புரியும்.

நாளின் முடிவில், காலையில் ஓட்டிய முதல் சோதனையை அப்படியே திரும்ப ஓட்டுங்கள். இதற்குள் டேம்பரின் எண்ணெயும் சூடாகியிருக்கும், சிலிண்டரின் எண்ணெயும் சூடாகியிருக்கும். 45 டிகிரி கோடு காலையில் இருந்தபடியே இருந்து விசை மட்டும் குறைந்திருந்தால் மாறியது ஸ்ட்ரட். கோடே விரிந்திருந்தால் மாறியது உங்கள் ரிக். படி 4-இன் பதிவைச் சூடான எண்ணெயில் மறுபடி எடுங்கள்.